வீட்டு அலமாரியில் சரித்திரமும் வட்டாரமும்

பாட்டி முதல் பள்ளிக்கூடம் செல்லும் பேரன் வரையில் ஒரு வீட்டிலுள்ள எல்லோரும் எடுத்துப் படிக்கவும், படித்த பின்பு அதைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளவும் இடந்தரும் புத்தகத்தைக் குடும்பப் புத்தகம் என்று சொல்வதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. அத்தகைய புத்தகங்கள் சிலவற்றைச் சொல்லுங்கள் என்று தமிழ் வாசகர் யாரைக் கேட்டாலும் அநேகமாக ஒரே ஜாபிதாவே கிடைக்கிறது: கல்கியின் சரித்திர நாவல்கள் மூன்று, ராஜாஜியின் 'வியாசர் விருந்து', 'சக்கரவர்த்தித் திருமகன்', சிரித்துப் படிப்பதற்குத் தேவனின் 'துப்பறியும் சாம்பு', குழந்தைகளுக்கு அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும். இந்த ஜாபிதாவில் தள்ளத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும் கரிசல் காட்டுச் சம்சாரியும், கொங்கு நாட்டுக் குடியானவனும், நாஞ்சில் நாட்டுப் பனையேறியும், தூத்துக்குடி உப்பளத்துக் கூலிக்காரியும் இதற்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நிற்கிறார்கள் என்பதைக் கவனித்தவர்களுக்கு, இவர்களைப் பற்றிய நாவல்கள் ஏன் நம் வீடுகளுக்குள் வரவில்லை என்ற கேள்வி எழாமற் போகாது. அந்த நாவல்களில் துக்கமும் கொலையும் கொச்சைப் பேச்சும் இருப்பதால் குடும்பத்தார் ஒருங்கே படிப்பதற்கு அவை ஏற்றவையல்ல என்று பொதுவாகச் சொல்லப்படும் சமாதானம் எனக்குத் திருப்தி தருவதாயில்லை. ஏனெனில் நம் முன்னோர் வீடுகளில் படித்த முறையைச் சற்று ஆராய்ந்து பார்த்தால், இந்தத் தடை பழைய சம்பிரதாயத்திலிருந்து வந்ததன்று என்பதும், சென்ற நூற்றாண்டின் வாரப் பத்திரிகைகளோடு வந்து சேர்ந்த ஒரு புது ஏற்பாடு என்பதும் தெளிவாகின்றன.

அச்சுப் புத்தகம் சாமானியர் வீடுகளுக்குள் முதன்முதலில் பரவலாக வந்தது நாவல் வடிவத்தில் அன்று. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவிலும் திருவிழாச் சந்தைகளிலும் விற்ற பெரிய எழுத்துப் புத்தகங்களே அந்த வேலையைச் செய்தன. விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லியரசாணி மாலை, தேசிங்கு ராஜன் கதை என்று வரிசை வரிசையாக வந்த இப்புத்தகங்களின் எழுத்துப் பருமனாக இருந்ததற்குக் காரணம், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதற்கு அது வசதியாக இருந்தது என்பதே. படிப்பு என்பது அக்காலத்தில் ஒருவர் வாயும் பலர் காதுமாக நடந்த காரியம். அப்படிக் கேட்ட கதைகள் எத்தகையவை? பஞ்சத்தால் தவித்து அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணியின் கொடுமை பொறுக்காமல் தன் ஏழு குழந்தைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளின் கதையைக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் பெண்கள் கேட்டார்கள், கேட்டு அழுதார்கள். சபையில் திரௌபதியின் துகிலை உரிந்த பர்வத்தைப் பாரதப் பிரசங்கம் செய்தவர்கள் குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லவில்லை. வீட்டில் படிக்கத்தக்கது என்பதற்குத் துயரமும் குரூரமும் இல்லாதது என்ற பொருள் அக்காலத்தில் யார் மனத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. பெரியவர்களின் துணையோடு கேட்கிறபோது எந்தத் துயரத்தையும் தாங்கிக்கொள்ளலாம் என்பதே அவர்கள் சொல்லாமல் கடைப்பிடித்த நியதி.

1879ஆம் ஆண்டு மாயூரம் வேதநாயகம் பிள்ளை 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டபோது தமிழில் நாவல் தோன்றியது. முன்சீபாக இருந்து பல குடும்பங்களின் வழக்குகளைக் கேட்டவராதலால், நன்னெறியைக் கதையோடு சேர்த்துப் புகட்டவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அதனால் அந்த நாவல் உபகதைகளும் உபதேசங்களும் மலிந்ததாய், உறவினர் கூடிய இடத்தில் உரக்கப் படிப்பதற்கு இசைந்ததாய் அமைந்தது. பிறகு பி. ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் மாதந்தோறும் வெளிவந்தது. மதுரைச் சீமைக் கிராமமொன்றின் வம்புப் பேச்சும், அதனால் ஒரு குடும்பம் படும் பாடும் அதில் கண்முன் நிற்கின்றன. தமிழ் நாவலின் இரண்டாம் தலைமுறைக்குக்கூடக் காத்திராமல், தொடக்கத்திலேயே வட்டாரமும் குடும்பமும் ஒன்றாகப் பிறந்துவிட்டன என்பதற்கு அந்த நாவலே சாட்சி. ஆனால் அந்தப் பாதை அதன் பின் வெகுகாலம் தூர்ந்து கிடந்தது.

தூர்ந்ததற்குக் காரணம் தேடினால் வாரப் பத்திரிகைகளிடம் வந்து நிற்கிறோம். 1928இல் எஸ். எஸ். வாசன் 'ஆனந்த விகட'னை ஏற்று நடத்தத் தொடங்கியதும், 1941இல் கல்கியும் சதாசிவமும் 'கல்கி'யை ஆரம்பித்ததும் தமிழ்க் குடும்பங்களின் வாசிப்பில் பெரிய மாறுதலை உண்டாக்கிய நிகழ்ச்சிகள். இவற்றுக்கு முன்பே, வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி'யை ஏற்று, தம் வாழ்நாளில் 115 நாவல்கள் எழுதிப் பெண் வாசகர்களைத் திரட்டியிருந்தார். வாரப் பத்திரிகை வீட்டுக்கு வந்த அன்று யார் முதலில் பார்ப்பது என்று போட்டி நடக்கும். தகப்பனார், தாயார், கல்லூரியில் படிக்கும் மகன், கலியாணத்துக்கு நிற்கும் மகள் ஆகிய எல்லோர் கையிலும் அது மாறிமாறிப் போகும். ஆகவே, யார் கையில் எந்தப் பக்கம் திறந்தாலும் கூச்சப்படும்படியாக எதுவும் இருக்கலாகாது என்ற பொறுப்பு ஆசிரியர் தலையில் ஏறியது. அந்தப் பொறுப்பை அவர்கள் வெகு நன்றாகவே நிறைவேற்றினார்கள் என்பதையும், ஆபாசமில்லாத நகைச்சுவையும் தெளிவான வசன நடையும் லட்சக்கணக்கான மக்களுக்கு வாசிப்புப் பழக்கமும் அவர்களால் கிடைத்தன என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும். ஆனால் அதே பொறுப்பு, எல்லா ஜில்லாக்காரர்களுக்கும் விளங்கக்கூடிய, எவர் வாய்க்கும் முழுச் சொந்தமில்லாத ஒரு பொது நடையை வற்புறுத்தியது. கஞ்சிக்கு இல்லாத வீட்டின் துயரத்தைவிட அரண்மனைச் சதியின் பயங்கரம் வீட்டாருக்கு ஏற்றது என்ற எண்ணத்தையும் வேரூன்றச் செய்தது.

தொடர்கதை முடிந்ததும் வீடுகளில் நடந்த காரியம் ஒன்று உண்டு. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பிரயோஜனமாயிருக்கும். வாரா வாரம் சேர்த்து வைத்த பத்திரிகைகளிலிருந்து கதைப் பக்கங்களை மட்டும் பதமாகப் பிரித்தெடுத்து, வரிசைப்படி அடுக்கி, ஊரிலுள்ள பைண்டரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் நூலால் தைத்து, பசை தடவி, அட்டை வைத்து, முதுகுக்குக் காலிகோத் துணி ஒட்டித் தருவார். இந்தப் புத்தகத்தில் ஒவ்வோர் அத்தியாயத் தலைப்பிலும் மணியமோ வேறு சித்திரக்காரரோ வரைந்த படம் இருக்கும். அத்தியாய முடிவில் 'தொடரும்' என்று இருக்கும். ஏட்டைப் புரட்டினால் மறுபக்கத்தில் பாதி துணுக்கோ கூந்தல் தைல விளம்பரமோ எட்டிப் பார்க்கும். அட்டையின் உட்புறத்தில் வீட்டுக்காரர் பெயர், சில சமயம் மகளின் கலியாணச் சீரோடு சென்றதற்கு அடையாளமாக இன்னொரு ஊரின் பெயர். இப்படிக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே உருவான நூல்களே தமிழ் நடுத்தரக் குடும்பங்களின் முதல் நூலகமாயின. இதன் பலனாக, பத்திரிகையில் தொடராக வந்த சரித்திர நாவலுக்கும் குடும்ப நாவலுக்கும் வீட்டு அலமாரியில் தாமாகவே இடம் கிடைத்தது. தொடராக வராமல் சிறு பிரசுராலயங்கள் வாயிலாக நேரே புத்தகமாக வந்த நாவல்களுக்கு அந்த வாய்ப்பு ஏற்படவில்லை. 'கல்கி'யில் 'பார்த்திபன் கனவு' ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1942இல், ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' வெளிவந்தது. ஒன்றைத் தமிழ்நாடு முழுவதும் படித்தது. கொங்கு நாட்டுப் பேச்சில் எழுதப்பட்ட மற்றொன்றைத் தேர்ந்த சிலரே அறிந்தார்கள். கதையின் தகுதியைக் கொண்டு மட்டும் இந்த வித்தியாசத்தை விளக்கிவிட முடியாது.

சரித்திர நாவல்களைப் பற்றிச் சொல்லவேண்டியது வேறு விதமானது. அவை வீட்டுக்குள் வந்தாயிற்று. வந்தவற்றை நாம் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டோமா என்பதே கேள்வி. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டு காலம் தொடர்ந்து, ஐந்து பாகங்களாக நிறைவெய்தியது. 2022இல் திரைப்படமாக வந்த பிறகு இளைஞர் பலர் மறுபடியும் அதைத் தேடிப் படித்தார்கள். அதை எழுதுவதற்குக் கல்கி ஆதாரமாகக் கொண்டவை வெறும் கர்ணபரம்பரைச் செய்திகள் அல்ல. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழ வரலாறும், 1949இல் முதற்பகுதி வெளிவந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'மும், திருவாலங்காட்டுச் செப்பேடும், அன்பில் செப்பேடும், உடையார்குடிக் கல்வெட்டும் அவர் கதைக்கு அஸ்திவாரமாயிருந்தன.

இவற்றுள் உடையார்குடிக் கல்வெட்டைக் குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும் என்று நான் கருதுகிறேன். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் அது இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தச் சாஸனம், பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் முதலானோரைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. அவர்களுடைய உடைமைகளோடு அவர்களைச் சேர்ந்த உறவினரின் உடைமைகளையும் கைப்பற்றி விற்கும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் அனுப்பிய ஆணையைக் குறிப்பிடுகிறது. அவ்வாறு விற்ற நிலத்தை ஒருவர் வாங்கித் தர்மத்துக்கு விட்ட செய்தியையும் பதிந்து வைத்திருக்கிறது. இந்தக் கரிகால சோழனாகிய ஆதித்த கரிகாலன் கொலையுண்டதற்கு நாவலில் எத்தனையோ பாத்திரங்களும், நந்தினி என்னும் அபூர்வ சிருஷ்டியும் காரணமாகக் காட்டப்படுகின்றன. கல்லிலோ நிலத்தின் அளவும் உறவுமுறைகளும் அதிகாரிகளின் பட்டப்பெயர்களும் மட்டுமே இருக்கின்றன. இந்தக் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கிருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கியோ உண்மைக் கொலையாளி யார் என்பதைத் துணிந்து சொல்லாமல் இருளிலேயே விட்டுவிட்டார். ஒரே நிகழ்ச்சியைக் கல்வெட்டும் சரித்திராசிரியரும் நாவலாசிரியரும் எப்படி எப்படி அணுகுகிறார்கள் என்பதைப் பதினான்கு வயதுப் பையனுக்கு விளங்கவைப்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் அகப்படாது. நாவலில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரைமேல் வந்த வீரநாராயண ஏரியின் அண்டையிலேயே இந்த ஊர் இருப்பது, நேரில் போகிறவர்களுக்கு இன்னொரு சந்தோஷம். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்', சாண்டில்யனின் 'கடல் புறா' முதலியவற்றையும் இவ்வாறே ஆதாரங்களோடு ஒப்பிட்டுப் படிக்கலாம். சாண்டில்யனிடத்தில் சிருங்கார வர்ணனை மிகுதி என்பதால், பள்ளிப் பருவத்தினர் கையில் கொடுக்குமுன் பெரியவர்கள் தாங்கள் படித்துவிடுவது உசிதம்.

இனி வட்டார நாவல்களுக்கு வருவோம். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976இல் வெளிவந்தது. தெலுங்கு தேசத்தில் அதிகாரம் படைத்த ஒருவரின் கண்ணில் பட்டுவிட்ட சென்னாதேவி என்ற பெண்ணின் மானத்தைக் காப்பதற்காக இரவோடிரவாக ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு கூட்டத்தார், தெற்கு நோக்கி நடந்து, காட்டை அழித்து, கரிசல் மண்ணில் ஊர் அமைத்த வரலாறு அது. அதை நமக்குச் சொல்லுகிறவர் யார்? நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள் என்னும் கிழவி. அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்பவர்கள் அவளுடைய வம்சத்தார். குடும்பத்தார் சேர்ந்து கேட்பதற்காகவே வடிவெடுத்தது போன்ற இந்த நூலைக் குடும்பப் புத்தகமல்ல என்று ஒதுக்குவது எவ்வளவு பொருத்தமற்றது! நாவலின் தொடக்கத்தில், வழிப்போக்காக வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி காதிலிருந்த நகைக்காக நீர்நிலையில் அமிழ்த்திக் கொல்லப்படுகிறாள் என்பதும், கொன்றவன் பின்னர்க் கழுவேற்றப்படுகிறான் என்பதும் மெய்தான். அந்தப் பக்கங்களைக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுகிறவர் நிதானித்துப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குற்றத்தை ஊரார் கூடி விசாரிக்கும் முறையும், தண்டனையைப் பற்றி அவர்களுக்குள் எழும் சங்கடமும், நீதி என்பதைக் குறித்துப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்கூட வாய் திறந்து கேள்வி கேட்கச் செய்வன. வெள்ளைக்காரன் ஆட்சி மகாராணியின் கைக்கு மாறிய காலத்தோடு கதை வந்து நிற்கிறபோது, பள்ளிக்கூடப் பாடத்தில் 1858 என்று மனப்பாடம் செய்த ஆண்டு ஒரு கரிசல் கிராமத்தில் எப்படி வந்து இறங்கியது என்பது பிரத்தியட்சமாகிறது. சரித்திரம் வேறு, வட்டாரம் வேறு என்று பிரித்து வைத்திருக்கிற நம் பாகுபாடு இந்த இடத்தில் பயனற்றுப் போகிறது.

முதியவரின் குரலைச் சுற்றிக் கதை வளர்வது கோபல்ல கிராமத்துக்கு மட்டும் உரிய சிறப்பன்று. நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968இல் வந்தது. இரணியல் செட்டிமார் குடும்பமொன்றில் உண்ணாமலை ஆச்சி சொல்லும் பழங்கதைகளைக் கேட்டு வளரும் திரவி என்ற பையனின் கண் வழியாக, புகுந்த வீட்டாரால் அநியாயமாகத் திருப்பி அனுப்பப்பட்ட அவனுடைய அக்காள் நாகுவின் துயரம் விரிகிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. ஆங்கில இலக்கியப் பேராசிரியையாக இருந்தவர் எழுதிய இந்தச் சிறு நாவலில், பனைவிளை என்னும் ஊரில் செழித்து நொடித்துப் போன ஒரு கிறிஸ்தவக் குடும்பமும், அதன் தலைவரான கண்ணப்பச்சி என்னும் கிழவரும், பெரியவளானதும் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்ட லிஸி என்ற பெண்ணும் நம்மோடு வந்து தங்கிவிடுகிறார்கள். பனையேறியின் மகனான தங்கராஜின்மீது லிஸி கொண்ட அன்பு, வீட்டின் கௌரவம் என்ற சுவரில் மோதித் தடுமாறி, பொறுமையினாலேயே இறுதியில் கரை சேருகிறது. உரத்த பேச்சோ வெளிப்படையான கண்டனமோ எங்கும் இல்லை. வயதுவந்த பெண்ணைத் தாய்தகப்பன் எப்படி நடத்தவேண்டும் என்ற கேள்வியைத் தகப்பனும் மகளும் ஒரே அறையில் உட்கார்ந்து கூச்சமின்றிப் படிக்கக்கூடிய பாஷையில் எழுப்புகிறது. குடும்பத்தாருக்கு ஏற்றது என்ற அடைமொழிக்கு இதைவிடத் தகுந்த நூல் தமிழில் எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேலே சொன்ன 'நாகம்மாள்' கூட்டுக் குடும்பத்தின் பாகப்பிரிவினையைப் பற்றியது. புருஷனை இழந்த நாகம்மாள் தன் பங்கைக் கேட்கிறாள். கொழுந்தன் சின்னப்பனோ நல்லவன், உழைப்பாளி. ஊரிலுள்ள சிலர் இருவருக்குமிடையே புகுந்து வன்மத்தை வளர்க்கிறார்கள். முடிவு ரத்தத்தில் நிற்கிறது. நியாயம் இரு பக்கத்திலும் இருந்தும் ஒரு குடும்பம் எவ்வாறு உடைகிறது என்பதைச் சண்முகசுந்தரம் பட்சபாதமின்றிக் காட்டியிருக்கிறார். நிலம் பிரியாத வீடு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? பூமணியின் 'வெக்கை' பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் செய்த கொலையிலிருந்து தொடங்குகிறது என்று கேட்ட மாத்திரத்தில் பெற்றோர் திடுக்கிடுவார்கள். ஆயினும் அதன் பெரும்பகுதி, மகனை அழைத்துக்கொண்டு காட்டிலும் மேட்டிலும் தலைமறைவாகத் திரியும் தகப்பன், அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டுப் பழங்கதை சொல்லித் தேற்றும் பரிவுதான். உயர்நிலைப்பள்ளி வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கலாம் என்பதே என் கருத்து.

ராஜம் கிருஷ்ணனைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு எழுதுவதில் திருப்தியடையாமல், எந்த ஜனங்களைப் பற்றி எழுத நினைத்தாரோ அவர்கள் இருக்கும் இடத்துக்கே சென்று பழகி, விவரங்களைத் திரட்டி எழுதியவர் அவர். நீலகிரிப் படகர் வாழ்க்கையை, பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக் கணக்காகக் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் 'குறிஞ்சித் தேன்', வெயிலிலும் உப்பு நீரிலும் காலும் கண்ணும் புண்ணாகும் தூத்துக்குடித் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' ஆகிய இரண்டையும் படித்த வீட்டில், தேயிலையும் உப்பும் அதற்குப் பின் பழையபடி வெறும் மளிகைச் சாமான்களாக இரா. கடற்கரை முஸ்லிம் கிராமத்தை நமக்கு அறிமுகப்படுத்திய தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யும் இந்த வரிசையில் சேரவேண்டியது.

பேச்சு வழக்கு விளங்கவில்லை என்ற முறையீடு நியாயமானதே. சென்னையில் வளர்ந்தவருக்கு நாஞ்சில் நாட்டுப் பேச்சும், தஞ்சாவூர்க்காரருக்குக் கரிசல் பேச்சும் முதல் பக்கங்களில் இடறத்தான் செய்யும். ஆனால் கண்ணால் மட்டும் படிக்கிறபோது இடறுகிற அதே வாக்கியம், வாய்விட்டுப் படித்ததும் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. ஏனெனில் அது முதலில் காதுக்கென்று பிறந்த பாஷை. பெரிய எழுத்துப் புத்தகங்களோடு நம் வீடுகளை விட்டுப் போன உரக்கப் படிக்கும் வழக்கத்தை மறுபடி கொண்டுவருவதற்கு வட்டார நாவல்களைப்போல் துணை செய்யக்கூடியவை வேறில்லை என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம். ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' போன்ற நூல்களும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் நல்லது. பிற்காலத்தில் அவருடைய 'கரிசல் காட்டுக் கடுதாசி'யை 'ஜூனியர் விகட'ன் வெளியிட்டபோது தமிழ்நாடெங்குமுள்ள வாசகர்கள் அந்தப் பேச்சைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள். வாசகர்களுக்கு வட்டார பாஷை ஆகாது என்று பத்திரிகைகள் நெடுங்காலம் கொண்டிருந்த அபிப்பிராயம் தவறானது என்பதற்கு இது போதிய ருசு.

சரித்திரம், வட்டாரம், குடும்பம் என்ற மூன்றும் ஒரே நூலில் சங்கமித்திருப்பதைக் காண விரும்புவோருக்கு, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இருக்கிறது. 1940 முதல் 1942இல் அவர் காலமாகும் வரையில் 'ஆனந்த விகட'னில் வாரந்தோறும் வெளிவந்து, 1950இல் புத்தகமான இந்நூலின் ஆரம்ப அத்தியாயங்களில், உத்தமதானபுரம் என்னும் சிறு கிராமத்தில் அவருடைய பாட்டனார் காலத்தில் ஜனங்கள் எப்படி எழுந்தார்கள், உண்டார்கள், உழைத்தார்கள் என்பவை சொல்லப்படுகின்றன. சங்கீத வித்துவானான தகப்பனார் குடும்பத்தை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று ஜீவனம் நடத்திய கஷ்டமும், மகா வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களின் இன்பமும், 1880இல் கும்பகோணத்தில் சேலம் ராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததனால் தம் வாழ்வு திரும்பிய விதமும், 1887இல் 'சீவக சிந்தாமணி' அச்சேறிய வரையில் பட்ட பாடும் ஒரு பெரிய நாவலுக்குரிய விறுவிறுப்போடு நடக்கின்றன. நல்ல வாரப் பத்திரிகை என்னென்ன செய்யக்கூடும் என்பதற்கும் இதுவே அத்தாட்சி.

பத்திரிகை செய்யாமல் விட்டதை ஓரளவு செய்தவை பொது நூலகங்கள். 1931 அக்டோபர் 21ஆம் தேதி மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் புறப்பட்டது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து, நூலக சாஸ்திரத்துக்கே விதிகள் வகுத்த எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பால் 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலித்து, அதைக் கொண்டு ஜில்லாதோறும் நூலகங்கள் நடத்த அது வழி செய்தது. தொடராக வராத நாவல்கள் சிறு பட்டணங்களுக்கும் கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் இந்தக் கிளை நூலகங்கள் வழியாகத்தான். ஆயினும் அங்கே நாவல் என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருப்பதால், கோவில்பட்டிக்காரர் தம் ஊர் மண்ணைப் பற்றிய நூலை யதேச்சையாகத்தான் கண்டெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தந்த ஜில்லா நூலகத்தில் அந்தந்த ஜில்லாவைப் பற்றிய கதை, கல்வெட்டுத் தொகுதி, சுயசரிதை, நாட்டுப்புறக் கதை ஆகியவற்றை ஒரே அலமாரியில் சேர்த்து வைத்தால், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கவேண்டும் என்ற ரங்கநாதனின் கொள்கை பெருமளவு நிறைவேறும்.

பதிப்பாளர்களும் செய்யத்தக்க காரியங்கள் உண்டு. வட்டார நாவல்களில் அருஞ்சொல் விளக்கத்தைக் கடைசியில் கொண்டுபோய் வைக்காமல் அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே சிறிய எழுத்தில் கொடுத்தால் உரக்கப் படிப்பவருக்குத் தடங்கல் நேராது. தலைமுறைகள் பல வரும் கதைகளுக்கு வம்சாவளியும், ஊர்கள் பல வரும் கதைகளுக்குப் படமும் சேர்க்கலாம். 'பொன்னியின் செல்வ'னுக்கு வீரநாராயண ஏரியிலிருந்து பழையாறை, தஞ்சை, கோடிக்கரை, ஈழம் வரையிலான வழிப்படமும், உடையார்குடிச் சாஸனத்தின் மூலமும் அநுபந்தமாக இருந்தால் எவ்வளவு உபயோகம்! குழந்தைகள் இடையில் கேட்கும் கேள்விகளுக்குப் பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் இன்றும் பல விஷயங்களில் கைகொடுக்கும்.

புதிதாக இத்தகைய வாசிப்பைத் தொடங்க எண்ணும் வீட்டாருக்கு என் யோசனை இது: முதலில் 'என் சரித்திர'த்தின் ஆரம்ப அத்தியாயங்கள், அவை சிறியவை, ஓரிரவுக்கு ஒன்றாகப் படிக்கலாம். பிறகு 'புத்தம் வீடு'. அதன் பேச்சுக்குக் காது பழகிவிட்டால் 'கோபல்ல கிராம'த்துக்குச் சிரமமின்றிப் போய்விடலாம். 'நாகம்மா'ளைக் கடைசியாக வைத்துக்கொள்வது நலம். வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு நடந்துகொண்டிருக்குமானால், முதலிலேயே படிப்பது அதைவிட நலம்.